பன்னிரண்டாவது படத்தின் கையெழுத்து

ஆகஸ்ட் 3, 1973, வெள்ளி

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், வேறு ஒருவருக்கும் காட்டிவிடாதீர்கள். படித்ததை மறந்துவிட்டால்கூடப் போதாது. என் கையெழுத்தை யாராவது பார்த்தாலே அப்பா மாட்டிக்கொள்வார். மாட்டினால் என் விரல்களை ஒவ்வொன்றாக ஒடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதைச் செய்பவர்.

என் பெயர் வேதவல்லி. பத்தாம் வகுப்பு. எங்களுக்குச் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரே அறையும் சமையல்கட்டும். அப்பா ஏகாம்பரம், மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அம்மா வீட்டிலிருந்தே நெகட்டிவ்களில் பென்சில் வேலை செய்கிறாள். யார் முகத்தில் எந்தத் தழும்பு இருந்தாலும் படத்தில் தெரியாமல் செய்துவிடுவாள். தெருவிளக்கு வெளிச்சம் ஜன்னல் வழியாக ஒரு முழ அகலத்துக்கு உள்ளே விழும். அதில்தான் குப்புறப் படுத்து எழுதுகிறேன்.

‘சீ பேர்ல்’ ஹோட்டலில் சனிக்கிழமைதோறும் காபரே நடக்கிறது. முன்வரிசை மேசையில் உட்காருகிறவர்களுக்கு, ஆடும் பெண்ணே கையெழுத்துப் போட்ட புகைப்படம் ஒன்று கொடுப்பார்கள். படம் அப்பா எடுப்பது. கையெழுத்து நான் போடுவது. ஆடுகிறவர்கள் கல்கத்தாவிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் வருகிறார்கள். பல பேருக்குத் தமிழ் எழுத வராது, சில பேருக்கு எந்த எழுத்துமே வராது. ‘மிஸ் ரீட்டா’, ‘மிஸ் ஜூலி’, ‘மிஸ் ஷீபா’ எல்லாம் நான்தான்.

எனக்கென்றும் ஒரு சேகரிப்பு இருக்கிறது. ஸ்டூடியோவுக்கு வருகிற ஒவ்வொரு அக்காவிடமும் அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு படத்தில் அவர்கள் கையாலேயே எழுதி வாங்கிவிடுவேன். ரீட்டா வங்காளியில் தன் உண்மைப் பெயரை எழுதினாள். ஜூலி தெலுங்கில் எழுதினாள். ஒருத்தி உதட்டுச் சாயத்தில் கட்டைவிரலைத் தோய்த்து ரேகை வைத்தாள். பதினான்கு படங்கள். பூகோளப் படப்புத்தகத்தின் அட்டைக்குள் வைத்திருக்கிறேன்.

ஷீபா அக்காவுடையது மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

கிடைத்துவிட்டது!

ஷீபா அக்காவின் பெயர் தெய்வானை. விருத்தாசலத்துப் பக்கம். புதுப் படம் எடுக்க வந்தாள். அப்பா பிலிம் ரோல் வாங்கப் போனதும் பழைய தாள்களை எடுத்து வைத்து எழுதச் சொன்னேன்.

“இந்த ஷீக்கு எத்தன கொம்பு வேதா? மாட்டுக்கே ரெண்டுதான்.”

“அப்ப தெய்வானைன்னே போடுங்கக்கா. அதானே நெஜப் பேரு.”

“அது எங்கம்மா வச்ச பேரு. அத இந்த டிரெஸ்ஸுக்குக் கீழ எழுதச் சொல்றியா?”

பதினேழு தாள் வீணானது. பதினெட்டாவது தடவை படத்திலேயே எழுதினாள். ஷீ ஒரு பக்கம் சாய்ந்து, பா இன்னொரு பக்கம் ஓடுகிறது. அவளே பார்த்துவிட்டு, “லாரி மோதுன மாதிரி இருக்கு” என்று சிரித்தாள். பிறகு அதை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

லாரி என்றதும் அவளுக்கு அந்த ஆள் நினைவு வந்துவிட்டது. வஜ்ரவேலு. நாற்பது லாரி ஓடுகிறதாம். மே மாதக் கடைசியிலிருந்து ஒரு சனிக்கிழமைகூட விடாமல் வருகிறார். பதினொரு படங்கள் வாங்கி ஆல்பம் போட்டிருக்கிறார்.

“போன வாரம் ஒருத்தன் என்னப் பாத்து விசில் அடிச்சான். இவரு சோடா பாட்டில ஒடச்சு அவன் கன்னத்தக் கிழிச்சுட்டாரு. பல்லு வெளிய தெரிஞ்சுது வேதா. மானேஜர் கேட்டா, ‘அவளுக்கு யாருமில்லடா, அவளே எங்கிட்ட சொல்லியிருக்கா’ங்கறாரு. நான் எப்ப சொன்னேன்? அந்த ஆளோட ஒரு வார்த்த பேசுனதில்லயே.”

நான் மைப்புட்டியை மூடி வைத்தேன்.

“நீ படத்துல என்ன எழுதற?” என்று கேட்டாள்.

“அன்புடன்னுதான்க்கா” என்றேன்.

ஆகஸ்ட் 9, வியாழன்

இடது கையைத் தரையில் ஊன்ற முடியவில்லை. அதனால் எழுத்து கோணலாகப் போகும்.

அப்பா பூகோளப் புத்தகத்தை எடுத்துவிட்டார். காகிதம் வைத்து அடுப்பு மூட்டத் தேடினாராம். பதினைந்து படங்களும் கீழே விழுந்தன. என்னை ஸ்டூடியோவுக்கு இழுத்துப்போய், பிரிண்ட்டைப் பளபளப்பாக்கும் சூட்டுத் தட்டை ஏற்றிவிட்டு, அது சூடாகும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து பீடி குடித்தார். பிறகு என் இடது உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினார்.

“எழுதற கை வேணும்ல. அதான் இந்தக் கை” என்றார்.

தோல் தட்டில் ஒட்டிக்கொண்டது. நான் கத்தியது சந்து முழுக்கக் கேட்டிருக்கும். ஒருவரும் வரவில்லை.

மற்றவர்களின் படங்களை என் கண்முன்னே கிழித்தார். ரேகை வைத்த படத்தையும். தெய்வானை அக்காவின் படம் நல்ல பிரிண்ட் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அப்பா காரணமில்லாமல் அடிப்பவர் இல்லை. வெளியே தெரிந்தால் ஹோட்டல் வேலை போய்விடும்.

வீட்டில் அம்மா ஏதோ கேட்டாள். அப்புறம் கதவில் இடித்துக்கொண்டாள். வலது கண் மூடிவிட்டது. ஒரு கண்ணாலேயே என் கைக்கு வெண்ணெய் தடவினாள்.

ஆகஸ்ட் 11, சனி

நேற்று போதையில் யாரோ போட்டோ பேப்பர் பெட்டியை வெளிச்சத்தில் திறந்துவிட்டார்கள். எல்லாப் பேப்பரும் கறுத்துவிட்டது. இன்றைக்குக் கொடுக்கப் புதுப் படம் இல்லை. அப்பா சட்டைப்பையிலிருந்து தெய்வானை அக்காவின் படத்தை எடுத்தார். “கையெழுத்துகூட இருக்கு, நல்லதாப் போச்சு” என்றார்.

“அப்பா, அது...” என்றேன். கையை ஓங்கினார்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

அப்பா காலையில் சட்டை முழுக்க இரத்தத்தோடு வந்தார். அவருடைய இரத்தம் இல்லை. அம்மா சட்டையை உப்புத்தண்ணீரில் ஊற வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் தூங்குவதுபோல் படுத்திருந்தேன்.

வஜ்ரவேலு மேசையில் ஆல்பத்தைத் திறந்து பன்னிரண்டாவது படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். “பதினொண்ணு அவ எழுதுனா. இத எவன்டா கிறுக்குனது? யாருகிட்ட டூப்ளிகேட் வேல காட்றீங்க?” என்று மானேஜரின் தலையை மேசையில் மோதினாராம். தடுக்க வந்த டிரம் வாசிப்பவருக்கு இரண்டு பல் போயிற்று. தெய்வானை அக்கா பாதி ஆட்டத்தில் மேடையிலிருந்து இறங்கி வந்து படத்தைப் பார்த்திருக்கிறாள்.

“இது நான் எழுதுனதுங்க. சத்தியமா. நானே எழுதுனது” என்றாளாம். சந்தோஷமாகச் சொன்னாள் என்கிறார் அப்பா.

வஜ்ரவேலு அறைந்ததில் அவள் நாற்காலிகளோடு சேர்ந்து விழுந்தாள். “அப்ப இந்தப் பதினொண்ணு?”

அக்கா அப்பாவைப் பார்த்திருக்கிறாள். அப்பா காமிராவைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாராம்.

“அதுவும் நான்தான்.”

“சரி. அடுத்த சனிக்கெழம என் எதிர்ல உக்காந்து எழுது. இதே எழுத்து வரணும். வரலன்னா உனக்குப் பதிலா எழுதனவன் எவனோ, அவன் கைய வெட்டி இந்த ஆல்பத்துல ஒட்டுவேன்.”

அம்மா சட்டையைப் பிழிந்தாள். “அவன் இல்ல, அவ” என்று மெதுவாகச் சொன்னாள்.

“வாய மூடு” என்றார் அப்பா.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். தெய்வானை அக்கா உட்கார்ந்திருந்தாள். உதடு வீங்கியிருந்தது. அப்பா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே காவல் நின்றார்.

“சனிக்கெழமைக்குள்ள எனக்கு அந்தக் கையெழுத்து வரணும். உன் கை எப்படிப் போவுதோ அப்படியே. பேரு மட்டும் போதாதாம். மேல இருக்கற வரியும் எழுதச் சொல்வாராம். என்ன எழுதியிருந்தன்னு சொல்லு.”

நான் தயங்கினேன். என் காதைப் பிடித்துத் திருகினாள். ஒப்பித்தேன். பதினொன்றும் எனக்கு மனப்பாடம்.

‘நீங்கள் வராத நாளில் என் கால் தாளம் தப்புகிறது.’

‘எனக்கு யாருமில்லை. முன்வரிசையைப் பார்த்துத்தான் ஆடுகிறேன்.’

‘மற்றவர்கள் என்னைப் பார்த்தால் எனக்குக் கூசுகிறது. நீங்கள் ஏன் சும்மா இருக்கிறீர்கள்?’

இதைச் சொன்னதும் அறைந்தாள். சூட்டுத் தட்டைவிட அது எரிந்தது.

“ஏன்டி, எழுத உனக்கு நோட்டு கெடைக்கலயா? என் ஒடம்பு மேலயா எழுதுவ?”

நோட்டு இருந்தது. இதே நோட்டு. ஆனால் இதை யாரும் படிப்பதில்லை. ‘அன்புடன்’ என்று எழுதி எழுதி அலுத்துப்போய் ஒரு நாள் விளையாட்டாக ஒரு வரி சேர்த்தேன். அடுத்த வாரம் அப்பா வந்து, லாரிக்காரர் அதைப் படித்துவிட்டு அழுதார் என்றார். நான் எழுதியதைப் படித்து ஒரு பெரிய மனிதர் அழுதிருக்கிறார்! தமிழ் டீச்சர் என் கட்டுரைக்குப் பத்துக்கு நாலு போட்டிருந்த வாரம் அது. அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவருக்காகவே யோசித்து வைப்பேன். சோடா பாட்டில் விஷயம் தெரிந்த பிறகு எழுதியிருக்க மாட்டேன். எழுதியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. அழுதேன். அவள் கொஞ்ச நேரம் கழித்து என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, “நல்லாத்தான் எழுதியிருக்க, பாவி” என்றாள்.

ஆகஸ்ட் 15, புதன்

கொடியேற்றினார்கள். ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். மத்தியானம் நூற்றிருபது தடவை எழுத வைத்தேன். அக்காவின் விரல் கொப்புளித்துவிட்டது.

ஆகஸ்ட் 17, வெள்ளி

வரவில்லை. அக்காவுக்குப் பெயர் ஓரளவு வருகிறது. வரி வரவில்லை. என் ழகரத்தில் வால் கீழே போய் இடப்பக்கம் திரும்பி ஒரு சுழி போடும். டீச்சர் எத்தனையோ தடவை திட்டியும் போகாத பழக்கம். அக்கா அதை எழுதினால் ஓணான் வால் மாதிரி இருக்கிறது.

“நீதான் எழுதறன்னு எத்தன பேருக்குத் தெரியும்?” என்று கேட்டாள்.

“எனக்கு, அப்பாவுக்கு, அம்மாவுக்கு. மானேஜருக்குக்கூடத் தெரியாது. நீங்களே எழுதறதா நெனச்சிட்டிருக்காரு.”

“உங்கப்பா சொல்லிடுவாரா?”

“சொல்ல மாட்டாரு.”

அவள் என் இடது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். கட்டு அவிழ்ந்திருந்தது. “போதும், பேனாவ மூடு” என்றாள். அப்பாவுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 18, சனி

அப்பா எட்டரைக்கே வந்துவிட்டார். ஆட்டம் இல்லை. வஜ்ரவேலு பேனாவும் வெள்ளைத்தாளும் வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். மேக்கப் அறையில் இரும்புக் கதவு சாத்திக்கொண்டு தெய்வானை அக்காவின் வலது கை நசுங்கிவிட்டது. நான்கு விரல்கள்.

அப்பா மீன் குழம்பு கேட்டு வாங்கி நிறையச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 20, திங்கள்

அம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்காவின் கை தலையணை அளவுக்குக் கட்டுப் போட்டிருந்தது. சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

“காத்துல சாத்திடுச்சு” என்றாள்.

மேக்கப் அறையில் அப்பா எடுத்த படங்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஜன்னல் கிடையாது. நர்ஸ் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, ஒரு தடவை இடுக்கினால் இப்படி ஆகாது, மூன்று நான்கு தடவை அடித்திருக்கிறது, புருஷன் யார் என்று கேட்டாள். அம்மா, கல்யாணம் ஆகவில்லை என்றாள். திரும்பி வந்து அக்காவுக்குக் கஞ்சி ஊட்டினாள். அக்கா குழந்தை மாதிரி வாயைத் திறந்தாள்.

“இனிமே யாரும் என்ன எழுதச் சொல்ல மாட்டாங்க வேதா. நீ ஒழுங்கா படி” என்றாள்.

காற்று எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 22, புதன்

மெதுவாக எழுத வேண்டும். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

சாயங்காலம் நான் ஸ்டூடியோ இருட்டறையில் பிரிண்ட் அலசிக்கொண்டிருந்தேன். ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. அப்பா, “அண்ணே, வாங்கண்ணே” என்றார். அடுத்த சத்தம் காமிரா தரையில் விழுந்தது. சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, கதவு இடுக்கில் ஒரு கண்ணை வைத்தேன்.

நான் நினைத்ததுபோல் வஜ்ரவேலு பெரிய ஆள் இல்லை. ஒல்லியாக, திருநீறு வைத்து, எங்கள் பள்ளிக்கூட எழுத்தர் மாதிரி இருந்தார். காமிரா நிற்கும் முக்காலியின் ஒரு காலைக் கழற்றிக்கொண்டு நிதானமாக அடித்தார். முழங்காலில், தோளில், மறுபடியும் முழங்காலில். கோபமே இல்லாமல், துணி துவைப்பதுபோல. கூட வந்த இருவர் அப்பாவைப் பிடித்திருந்தார்கள்.

“ஒருத்தி தன் கையைத் தானே நசுக்கிக்கினு ஒருத்தனக் காப்பாத்தறா. எவன்டா அவன்? எவனுக்கு என் ஷீபா கையக் குடுத்தா?”

“தெரியாதுண்ணே.”

“நீதான படம் கொண்டாந்து குடுப்ப?”

“கவர்ல குடுப்பாங்க, வாங்கினு வருவேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே.”

அப்பாவின் வாயிலிருந்து இரத்தம் ஒழுகியது. ஆனாலும் அவர் சொல்லவில்லை. எனக்கு ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

வஜ்ரவேலு களைத்துப்போய் சுவரில் சாய்ந்தார். தலையைத் திருப்பினார். அங்கே போன பொங்கலுக்கு நான் எழுதி ஒட்டிய அட்டை இருந்தது. ‘குழந்தைகளைப் படம் எடுப்பதில் தேர்ந்தவர்கள். அழும் குழந்தைகளும் அழகாக விழும்.’

அவர் வெகுநேரம் படித்தார். ஆல்பத்தைத் திறந்து அட்டைக்குப் பக்கத்தில் பிடித்தார். ழகரத்தின் வாலை விரலால் தடவினார். பிறகு அட்டையைக் கிழியாமல், நகத்தால் ஓரங்களை நெம்பி, பத்திரமாக எடுத்தார்.

“இது யாரு எழுதனது?”

“பெயிண்டர் ஒருத்தன்ணே. ஊருக்குப் போயிட்டான்.”

“வெள்ளிக்கெழம வரைக்கும் டைம். அந்தக் கைய எனக்குக் காட்டு. இல்லன்னா உன் ரெண்டு கண்ணும் இருக்காது. கண்ணில்லாம நீ எப்படிடா போட்டோ புடிப்ப?”

அவர்கள் போன பிறகு நான் வெளியே வந்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. என் வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 23, வியாழன்

அப்பா எனக்கு ஜிலேபி வாங்கி வந்தார். நொண்டிக்கொண்டே போய் வாங்கியிருக்கிறார். உள்ளங்கைக்கு மருந்தும் வாங்கி வந்து அவரே தடவினார். இவ்வளவு மெதுவாகத் தடவத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

“சோத்தாங்கை நல்லா இருக்குல்ல? வலி ஒண்ணும் இல்லியே?”

“இல்லப்பா.”

“நாளைக்கு ஸ்கூலுக்குப் போவாத. ஊட்லயே இரு கண்ணு.”

கண்ணு என்று கூப்பிட்டது நான் மூன்றாம் வகுப்பில் அம்மை போட்டுப் படுத்திருந்தபோது. அடி வாங்கியதில் அப்பாவுக்கு மனது இளகியிருக்கிறது.

அம்மா ஜிலேபியை வாயில் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 24, வெள்ளி

நாளை விடியற்காலை முதல் ரயிலில் அரக்கோணம் போகிறோம், சித்தி வீட்டுக்கு. அம்மா பகலிலேயே கிளம்பியிருப்பாள். அப்பா இன்றைக்கு வேலைக்குப் போகாமல் நாற்காலியை வாசற்படியில் போட்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பிடிக்கப் போனால்கூட, “எங்க?” என்றார். ராத்திரி பத்து மணிக்குத்தான் எழுந்து போனார். உடனே புறப்படலாம் என்று அம்மா ஜன்னலைத் திறந்தாள், மூடிவிட்டாள். தெருமுனையில் ஒரு லாரி விளக்கை அணைத்துக்கொண்டு நிற்கிறது. அது நகர்ந்ததும் போய்விடலாம்.

இரண்டு புடவை, என் பாவாடை தாவணி, பள்ளிக்கூடப் புத்தகங்கள் எல்லாம் ஒரு பையில் இருக்கின்றன. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுதுவதை முதல் தடவையாகப் பார்க்கிறாள். திட்டவில்லை.

“அப்பா சொல்ல மாட்டாரும்மா. அன்னைக்கு அவ்வளவு அடிச்சும் சொல்லலயே” என்றேன்.

“சொல்லாம இருந்தா நல்லதுதான். ரயில்ல ஏறினப்புறம் அவர நல்லவருன்னு நெனச்சுக்கலாம். இப்ப வேணாம்.”

கொஞ்ச நேரம் கழித்து, “உனக்கு அந்த மாதிரி வரியெல்லாம் எங்கேர்ந்துடி வருது?” என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். “எனக்கு ஒண்ணு எழுதிக் குடு. அரக்கோணம் போயி” என்றாள்.

என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு ‘அன்புடன்’ போதாது.

லாரி கிளம்பும் சத்தம் கேட்கிறது. கிளம்பிவிட்டது. அம்மா எழுந்துவிட்டாள், நானும்

இல்லை. சத்தம் பெரிதாகிக்கொண்டு வருகிறது. எங்கள் வாசலில் நின்றுவிட்டது. அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு அரிவாள்மணையைக் கையில் எடுக்கிறாள். என்னைச் சமையல்கட்டுக்குள் போகச் சொல்கிறாள். கதவைத் தட்டுகிறார்கள். மறுபடியும் தட்டுகிறார்கள். வெளியே அப்பாவின் குரல் கேட்கிறது.

“இந்த வீடுதாண்ணே.”

அம்மா கத